மானிட்டர் கத்தும்போது நர்ஸ் ஏன் ஓடிவருவதில்லை?

அப்பாவை ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், பகலில் சிறிது நேரம் பக்கத்தில் உட்கார விடுகிறார்கள், தலைமாட்டில் இருக்கும் மானிட்டரில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அந்த மெஷின் ஓயாமல் கத்துகிறது, நர்ஸ் சாவகாசமாக வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறார், இது சரியா என்றும் கேட்கிறீர்கள். கடைசி வரியில், வீட்டுக்குக் கூட்டி வந்தபின் என்னென்ன கருவி வாங்கி வைக்கலாம் என்று ஒரு கேள்வி. மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம், எப்போது பயப்பட வேண்டும்?

நான் 17 வருடமாக ஐசியூ நர்ஸ். டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அவருக்கு எந்த அளவு சரி, எந்த மருந்து சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக் கூடாது. அதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே ஏமாற்றும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். திரையில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை நேரடியாக அளந்தவை அல்ல. மெஷின் வேறு எதையோ அளந்து, அதை வைத்துக் கணக்குப் போட்டு நமக்கு ஒரு எண்ணைக் காட்டுகிறது. விரலில் மாட்டும் கிளிப் ரத்தத்தைத் தொடுவதே இல்லை, வெளிச்சத்தை அளக்கிறது. கையில் சுற்றும் பிபி பட்டை தனக்குள் இருக்கும் காற்றின் அதிர்வை அளக்கிறது. மூச்சு என்று காட்டும் எண், நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர்களுக்கு நடுவே மின்தடை எப்படி மாறுகிறது என்பதிலிருந்து வருகிறது. எதை அளந்து எதைச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், எப்போது தப்பாகச் சொல்லும் என்பதும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

விரல் கிளிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்களின் கண் எல்லாம் அதன் மேல்தான் இருக்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்பது அதன் பெயர். அது காட்டும் எண் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பது. விரலில் மாட்டும் பகுதியை நாங்கள் புரோப் என்போம். ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் வேலை பார்த்த டகுவோ அவோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த யுக்தி இது. ஒரு பக்கம் இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். ஒன்று சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு. மற்றது சுமார் 940, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் சென்சார். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைத் தாராளமாக விடும், அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறு. சரி, நடுவில் தோல், எலும்பு, நகம் எல்லாம் வெளிச்சத்தை மறிக்குமே என்று கேட்கலாம். அவை மறிப்பது எப்போதும் ஒரே அளவு. துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி ரத்தம்தான். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு தனியாகக் கிடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அவோயாகி முதலில் இதைத் தேடிப் போகவில்லை. ரத்தத்தில் சாயம் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று காது வழியாக அளக்கப் பார்த்தார். அந்த வேலைக்கு நாடித்துடிப்பு பெரிய இடைஞ்சலாக இருந்தது. இடைஞ்சலாக இருந்ததே கடைசியில் கருவியாகிவிட்டது.

அதன் பலவீனமும் இந்தத் துடிப்புதான். துடிப்பு விரல்நுனி வரை வரவில்லை என்றால் கணக்குப் போட அதனிடம் ஒன்றுமில்லை. குளிரில் விறைத்த விரல், பிபி மிகவும் இறங்கியிருப்பவர், ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து ஓடுகிறவர், கை நடுக்கம், அடர்ந்த நெயில் பாலிஷ் என்று காரணங்கள் நிறைய. கிளிப் மாட்டிய அதே கையில் பிபி பட்டையும் இருந்தால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் சாச்சுரேஷன் காணாமல் போகும். பட்டை தளர்ந்ததும் திரும்பி வரும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலையை முதலில் பாருங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே மாதிரி மேடு எழுந்து இறங்கினால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. குழந்தை கிறுக்கியது போல ஓடினால், பக்கத்தில் 85 என்று இருந்தாலும் 99 என்று இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அலையின் உயரத்தை வைத்து ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல மானிட்டர்கள் சின்ன அலையைத் தாமாகவே பெரிதாக்கிக் காட்டும்.

ஒரு ராத்திரி ஷிப்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சாச்சுரேஷன் 82 காட்டியது. அலாரம் கத்திக்கொண்டிருந்தது. பெரியவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு நிதானமாக இருந்தது, உதட்டில் நீலம் இல்லை. கை மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டிருந்தது, தொட்டால் ஐஸ். காதுமடலில் மாட்டும் புரோபை எடுத்து மாட்டினேன். அலை எழும்ப சில விநாடிகள் ஆயின. பிறகு 97. அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுததைப் பார்த்தபோது, இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் குடும்பத்தாரை அவற்றின் எதிரே உட்கார வைக்கிறோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதைச் சொன்ன கையோடு எதிர்க்கதையையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒருவருக்கு 84 காட்டியது. புரோப்தான் சரியில்லை என்று விரலை மாற்றினேன். அப்புறம் வேறு புரோப். அப்புறம் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். நாலு நிமிடம் போயிருக்கும். எண் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கருவி முதலிலேயே உண்மையைத்தான் சொல்லியிருந்தது. சீனியர் வந்து ஒன்றும் பேசாமல் ஆக்ஸிஜனைக் கூட்டினார், டாக்டரைக் கூப்பிட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. முதலில் ஆள், அடுத்து அலை, அப்புறம் எண், கடைசியில்தான் ஒயர்.

அலை ஒழுங்காக ஓடினாலும் அந்த எண்ணுக்கு எல்லைகள் உண்டு. நல்ல கருவியே 70-க்கும் 100-க்கும் நடுவில் 2, 3 சதவீதம் முன்னே பின்னே காட்டும். ஆகவே 96, 94, 95 என்று அது ஆடுவதற்கு அர்த்தம் தேட வேண்டாம். ஆரோக்கியமானவர்களுக்கு ஆக்ஸிஜனைக் குறைத்துக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத்தான் இவற்றுக்கு அளவு பிடிக்கிறார்கள். யாரையும் 70-க்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதனால் அதற்குக் கீழே வரும் எண்கள் கணக்கை நீட்டிப் போட்டு வருபவை. ரொம்பக் குறைவு என்பதற்கு மேல் அவற்றில் துல்லியம் தேடக் கூடாது. புகையில் மாட்டிக்கொண்டவர்களின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், அதையும் ஆக்ஸிஜன் என்று நினைத்து 98, 99 என்று நிம்மதியாகக் காட்டும். இந்த ஏமாற்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. ரத்தசோகை இருப்பவருக்கும் 100 காட்டலாம், அது பொய்யும் இல்லை. இருக்கிற பஸ்ஸெல்லாம் நிரம்பி ஓடுகிறது என்று அது சொல்கிறது, மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது.

தோலின் நிறம் பற்றியும் கேள்வி உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களைத் தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் 88-க்குக் கீழே போயிருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். அடர்ந்த நிறத் தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் இந்த நிறத்துக்கு இத்தனை புள்ளி கழித்துக்கொள் என்று சொல்ல ஒரு சூத்திரம் கிடையாது. சந்தேகம் வந்தால் டாக்டர்கள் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி எடுத்தால் பதற வேண்டாம். கிளிப் சொல்வதைச் சரிபார்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

எல்லோருக்கும் 95-க்கு மேல் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே இலக்கு. அவர்களுக்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரை போகலாம். பக்கத்துப் படுக்கையில் 98, நம் அப்பாவுக்கு 90, ஏன் ஆக்ஸிஜனைக் கூட்டவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யாராவது முன்னாலேயே விளக்கியிருக்க வேண்டும்.

அடுத்தது ஈசிஜி. பெரும்பாலும் திரையின் உச்சியில் பச்சைக் கோடாக ஓடும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றியும் வைக்கலாம், அதனால் நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். நெஞ்சில் மூன்று அல்லது ஐந்து ஸ்டிக்கர் ஒட்டி இதயத்தின் மின்சாரத்தைப் பிடிக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடனில் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்தபோது, நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு வாளி இல்லை, ஸ்டிக்கர் கழன்று விழுகிற தொல்லை இருக்கிறது. வியர்த்தால் கழலும், நெஞ்சில் முடி இருந்தால் கழலும், புரண்டு படுத்தால் கழலும். கழன்றதும் கோடு நேராகப் போய் அலாரம் அடிக்கும். சினிமாவில் நேர்கோடு வந்தால் எல்லோரும் அழுவார்கள். ஐசியூவில் நேர்கோடு வந்தால் நாங்கள் நோயாளியைப் பார்ப்போம், அவர் திரும்பி எங்களைப் பார்ப்பார், ஸ்டிக்கரைத் தேடுவோம்.

பல் துலக்கினாலும், நடுங்கினாலும், பிசியோதெரபிக்காக முதுகில் தட்டினாலும் ஈசிஜி கோடு ஆபத்தான துடிப்புக் கோளாறு போலவே துள்ளும். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் உச்சக்கட்ட அலாரம் கொடுக்கும். அந்த நேரம் விரல் கிளிப்பின் அலை நிதானமாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும். இதயம் நிஜமாகவே அப்படித் துள்ளினால் விரலில் துடிப்பு ஒழுங்காக வராது. இதையே திருப்பிப் போட்டால் இன்னும் முக்கியமான விஷயம் ஒன்று கிடைக்கும். ஈசிஜி காட்டுவது மின்சாரத்தை மட்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க, இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் நின்றுபோகிற நிலை உண்டு. திரையில் அழகான கோடும் 70 என்ற எண்ணும் இருக்கும், கழுத்தில் கைவைத்தால் நாடி இருக்காது. எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடங்களில் இது ஒன்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மானிட்டரில் ஓடும் ஈசிஜியை வைத்து மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதற்குப் பத்து ஒயர் வைத்துத் தனியாக எடுக்கும் ஈசிஜி வேண்டும். மானிட்டரில் நன்றாகத்தானே இருந்தது, ஏன் மறுபடி எடுக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிபிக்கு வருவோம். பட்டை இறுகித் தளரும்போது தமனியின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றை அதிரவைக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்து அழுத்தம் சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமானது. மேல் அளவும் கீழ் அளவும் அதிர்வு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வைத்து மெஷின் கணித்துச் சொல்பவை. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனியின் சொந்தச் சரக்கு. திரையில் 120/80 என்று பெரிதாகப் போட்டு அடைப்புக்குள் 93 என்று சின்னதாக ஒரு எண் இருக்குமே, அதுதான் சராசரி. பக்கத்தில் உட்காருகிறவர்கள் பெரிய எண்ணைப் பார்ப்பார்கள், நாங்கள் சின்ன எண்ணைப் பார்ப்போம். ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி பிபி இறங்கியவர்களுக்கு அது 65-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது பொதுவான முதல் இலக்கு. ஆளைப் பொறுத்து டாக்டர் இதை மாற்றுவார்.

பிபி அளவு தப்பாகப் போவதற்கு முக்கியக் காரணம் மெஷின் அல்ல, பட்டையின் அளவு. தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிபி கூடுதலாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைத்துக் காட்டும். அடுத்தது கை இருக்கும் உயரம். பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 7 அல்லது 8 மி.மீ. பாதரச அளவு கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும். இரண்டு மூன்று தடவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டில் ஊசி போட்டு, அதிலிருந்து ஒரு குழாய் வழியாக பிபியைத் தொடர்ந்து காட்டினால், அது மட்டும் நிஜமாகவே ரத்தத்தின் அழுத்தத்தை அளக்கிறது. ஆனால் அதன் சென்சார் இதயத்தின் மட்டத்தில் இருந்தாக வேண்டும். கட்டிலை உயர்த்திவிட்டு சென்சாரை அதே இடத்தில் விட்டுவிட்டால், அப்பாவின் பிபி ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது போலத் தெரியும். கட்டிலைத் தாழ்த்தினால் இறங்கும். நர்ஸ் வந்து ஒரு குமிழைத் திருப்பி ஜீரோ செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது எண் ஒரு கணம் பூஜ்யத்துக்குப் போகும், பயந்துவிடாதீர்கள்.

மூச்சின் எண்ணிக்கைக்கு இப்போது வருகிறேன். திரையின் ஓரத்தில் சின்னதாக இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில் மானிட்டர் மிக மோசமாக அளக்கும் எண் அதுதான். அதே நேரம், நோயாளி மோசமாகப் போகிறார் என்பதைப் பல சமயம் முதலில் சொல்வதும் மூச்சுதான். ஈசிஜி ஸ்டிக்கர்கள் வழியாகவே மிகச் சின்ன மின்சாரத்தை அனுப்பி, நெஞ்சு விரிந்து சுருங்கும்போது மின்தடை மாறுவதை எண்ணுகிறது. அதாவது நெஞ்சின் அசைவை எண்ணுகிறது, காற்றை அல்ல. தொண்டை அடைத்துக்கொண்டு காற்று உள்ளே போகாமல் நெஞ்சு மட்டும் தவித்தாலும் அது மூச்சு என்றுதான் கணக்கில் சேரும். கையை அசைத்தாலும் சேரும். மூச்சு மிக மெல்லியதாக இருந்தால் இதயத்துடிப்பையே மூச்சாக எண்ணிவிடுவதும் உண்டு.

இதற்குக் கருவியே வேண்டாம், கடிகாரம் போதும். அப்பா தூங்கும்போதோ கவனிக்காதபோதோ வயிறும் நெஞ்சும் எழுந்து இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிசியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அளவு இயல்பைவிட்டு விலக விலக மதிப்பெண் கூடும். வேகமாக ஓடும் நாடிக்கு உச்ச மதிப்பெண்ணான மூன்று, 131-ஐத் தொட்டால்தான் கிடைக்கும். மூச்சுக்கோ 25-ஐத் தொட்டாலே மூன்று. அதன் கனம் அவ்வளவு. சாச்சுரேஷன் 97 இருக்கிறது, ஆனால் காலையில் 18 இருந்த மூச்சு மாலையில் 28 ஆகிவிட்டது என்றால், அந்த 97-ஐ எட்டிப்பிடிக்க உடம்பு கடுமையாக உழைக்கிறது என்று பொருள். அதை நர்ஸிடம் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்தேன், 28 வந்தது என்று சொன்னால் எந்த நல்ல நர்ஸும் அலட்சியம் செய்ய மாட்டார்.

மூச்சு நின்றாலும் விரல் கிளிப் உடனே காட்டிக்கொடுக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் ஓடுகிறவருக்கு நுரையீரலில் இருப்பு இருக்கும். அது தீரும்வரை எண் அப்படியே நிற்கும். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவியைப் பொருத்துவது இதனால்தான். குழாய் கழன்றால் அடுத்த ஒன்றிரண்டு மூச்சிலேயே அந்த அலை படுத்துவிடும்.

இப்போது உங்களை உறுத்தும் விஷயம், அந்தப் பட்டன். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 77 ஐசியூ படுக்கைகளின் மானிட்டர்களை 31 நாள் பதிவு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கு மேல் எச்சரிக்கைகள். காதில் விழுந்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. துடிப்புக் கோளாறு என்று அடித்த அலாரங்களில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தனித்தனியாக ஆராய்ந்ததில் பத்துக்கு ஒன்பது வீதம் பொய். இரண்டு மூன்று நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஓடினால் வேறு வேலையே நடக்காது. அதனால் சத்தத்தை வைத்தே தரம் பிரிக்கப் பழகிவிடுகிறோம். பெரும்பாலான மானிட்டர்களில் சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் சீக்கிரம், வெளிர்நீலம் என்றால் ஒயர், ஸ்டிக்கர் சமாச்சாரம். துடிப்புக்கு ஒன்றாகக் கேட்கும் அந்த டிக் டிக் சத்தமும் சாச்சுரேஷன் இறங்க இறங்கச் சுருதி இறங்கும்படி வைத்திருப்பார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து கலக்கும்போதுகூட அந்தச் சுருதி இறங்கினால் எங்கள் தலை தானாகத் திரும்பும்.

அமுக்கும் பட்டன் பொதுவாக அலாரத்தை அணைப்பதில்லை, ஒன்றிரண்டு நிமிடம் சத்தத்தை நிறுத்தி வைக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பொய் அலாரம் கேட்டுக் கேட்டு மரத்துப்போவது உண்மையான ஆபத்து. அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2014 முதல் அலாரம் மேலாண்மையைத் தேசியப் பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது சும்மா இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, வந்தவர் பட்டனை அமுக்கும் முன்போ பின்போ அப்பாவைப் பார்த்தாரா என்பதை. முகத்தை, மூச்சை, கிளிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு அமுக்கினால் அவர் வேலையைச் செய்துவிட்டார். பழகிய கண்ணுக்கு மூன்று விநாடி போதும். திரையை மட்டும் பார்த்து அமுக்கிவிட்டுப் போனால், அதுவும் திரும்பத் திரும்ப நடந்தால், கேளுங்கள். ஏன் கத்துகிறது, எல்லை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், இவருக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. எப்போதும் துடிப்பு 50-ஐ ஒட்டியே இருப்பவருக்கு 50-இல் எல்லை வைத்தால் ராத்திரி முழுக்கக் கத்தத்தான் செய்யும். நீங்களாக அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ஆனால் பேச்சு குழறினால், திடீரென்று குழம்பினால், வியர்த்துக் கொட்டினால், உதடு நீலமானால், மூச்சுக்குத் தவித்தால், திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு. கையில் சுற்றும் தானியங்கி பிபி மெஷின் ஒன்று, மணிக்கட்டு வகை வேண்டாம். துல்லியம் சோதிக்கப்பட்ட மாடலா, பட்டை அப்பாவின் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துக் குறித்து வையுங்கள். வாங்கியதும் ஒருமுறை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்கே எடுக்கும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குச் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நெற்றிக்கு நேரே நீட்டும் அகச்சிவப்பு வகை வசதிதான், ஆனால் வியர்வையும் வெயிலும் அதை எளிதில் ஏமாற்றும். 37 டிகிரி என்ற எண்ணை ஜெர்மனியில் வுண்டர்லிக் 1868-இல் எழுதிய நூலிலிருந்து நாம் சுமந்து வருகிறோம். ஒரே ஆளுக்குக் காலையிலும் மாலையிலும் அரை டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

விரல் ஆக்ஸிமீட்டர் தேவையா என்பது அப்பாவின் நோயைப் பொறுத்தது. நுரையீரல், இதயம் சம்பந்தப்பட்டதென்றால் டாக்டரே வாங்கச் சொல்வார். வாங்கினால், கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் வைத்து, எண் நிலைகொள்ள அரை நிமிடமாவது விட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாட்டிப் பார்க்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே நோயாளியைவிடப் பார்த்துக்கொள்கிறவர்தான் முதலில் படுத்துவிடுகிறார். காலை ஒன்று, மாலை ஒன்று, மூச்சு வாங்கினால் ஒன்று. டிஸ்சார்ஜ் அன்று ஃபைலை வாங்கிக்கொண்டு கிளம்பும் முன், சாச்சுரேஷன் எதற்குக் கீழே போனால், பிபி எதற்கு மேலே அல்லது கீழே போனால், மூச்சு எத்தனையைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்று அப்பாவுக்கு உரிய எண்களாகக் கேட்டு, ஒரு தாளில் டாக்டர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.